பயறும் கயிறும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் ஒரு மலையாளத்து அம்மா வந்து பயறு கேட்டார். கயிற்றுக்கடை நாலு கடை தள்ளி இருக்கிறது என்று கை காட்டி அனுப்பிவிட்டார் அண்ணாச்சி. பயறு மூட்டை அவர் காலடியிலேயே வாய் திறந்து கிடந்தது. கல்லாவில் இருந்த பேரன் சிரித்துவிட்டான். காலையில் தொடங்கிய அந்த வழக்கு, மாலையில் நான் போனபோதும் தீர்ந்திருக்கவில்லை. எதிர்க்கடையிலிருந்து கட்டன் சாயாவும் பழம்பொரியும் வந்தன. கூடவே வழக்கும் என்னிடம் வந்தது.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. நாலு தெருவுக்கு அந்தால லாரி திரும்புனாக்கூட எனக்குக் கேக்கு. காதுல ஒரு கோளாறும் இல்ல. இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத்தான் வாயத் தொறந்து பேசத் தெரியல. எல்லாம் வாய்க்குள்ளயே."

அண்ணாச்சி நாகர்கோவில்காரர், எழுபதைத் தாண்டியவர். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. லாரி அவருக்கு நன்றாகவே கேட்கிறது. பயறுதான் கேட்கவில்லை. காதுப் பரிசோதனைக்கு வரும் முதியவர்களிடம் என்ன தொந்தரவு என்று கேட்டால், "சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

கேள்வித்திறன் என்றதும் நாம் ரேடியோவின் ஒலிக் குமிழை நினைத்துக்கொள்கிறோம். ஒருவருக்குக் கூட்டி வைத்திருக்கிறது, ஒருவருக்குக் குறைத்து வைத்திருக்கிறது, அணைந்துபோனால் செவிடு. பாதி வீட்டுச் சண்டைகள் இந்த நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன. காதோ ஒற்றைக் குமிழ் உள்ள பொருளே கிடையாது.

வெளியில் இருப்பது காற்றின் அதிர்வு. அது செவிப்பறையில் பட்டு, மூன்று சிற்றெலும்புகள் வழியாக உள்ளே போய், காக்ளியா என்ற நத்தைச் சுருளில் உள்ள நீரை அசைக்கிறது. சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர்தான். அந்த நீளம் முழுக்க மயிர்செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன: உள்வரிசையில் ஏறக்குறைய 3,500, வெளிவரிசைகளில் ஏறக்குறைய 12,000. வாசல் பக்கம் இருப்பவை கீச்சுக் குரல்களுக்கு, அதாவது உயர்ந்த அதிர்வெண்களுக்கு அசைகின்றன. சுருளின் உள்முனையில் இருப்பவை கனத்த ஒலிகளுக்கு. எந்த அதிர்வெண்ணுக்கு எந்த இடம் அசைகிறது என்பதைப் பிணங்களின் காதுகளில் பார்த்துச் சொன்னவர் கேயோர்க் ஃபொன் பேக்கெஷி என்ற ஹங்கேரிக்காரர். புடாபெஸ்டில் தபால் தந்தித் துறையின் ஆய்வகத்தில் தொலைபேசிக்காக வேலை பார்த்தவர், காதுக்குள் நுழைந்து, 1961இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

வயது ஏற ஏற முதலில் தேய்வது வாசல் பக்கம். போன மயிர்செல் போனதுதான். கோழிக்கு மறுபடி முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. இளம் வயதில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதன் மேல்முனை நமக்குத் தெரியாமலே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. வேல்ஸ் நாட்டில் 2005இல் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் இதை வைத்தே ஒரு கருவி செய்தார். 17,000 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சென்று கத்தும். கடை வாசலில் கூட்டம் போடும் பையன்கள் தாங்காமல் ஓடிவிடுவார்கள், கடைக்காரருக்கு ஒன்றும் கேட்காது. பையன்கள் சும்மா இருப்பார்களா? அதே ஒலியைக் கைப்பேசி மணியாக வைத்துக்கொண்டார்கள். வகுப்பில் மணி அடிக்கும், வாத்தியாருக்குத் தெரியாது.

"பொன்முடிப் பக்கம் முன்னெல்லாம் சில்வண்டு காதப் பொளக்கும். இப்பம் ஒண்ணுகூட இல்ல, காட்டையெல்லாம் அழிச்சுட்டானுவ" என்றார் அண்ணாச்சி. காடு குறைந்தது உண்மை. ஆனால் பேரன், "எனக்கு இப்பவும் காதப் பொளக்குதே தாத்தா" என்றான். சில்வண்டின் ஒலி பெரும்பகுதி மேல்வரிசை அதிர்வெண்களில் இருப்பது. இருவரும் ஒரே மரத்தடியில் நின்றிருக்கிறார்கள்.

சில்வண்டு போனால் போகட்டும், வியாபாரம் ஓடும். பேச்சுக்கு வருவோம். நம் பேச்சில் உரக்க ஒலிப்பவை உயிர் ஒலிகள். அவற்றின் பலம் பெரும்பாலும் கீழ், நடு அதிர்வெண்களில் இருக்கிறது. வல்லினங்கள் அப்படி இல்லை. உதடு திறக்கிற அல்லது நாக்கு விலகுகிற கணத்தில் வரும் ஒரு சின்ன வெடிப்பு, அடுத்த உயிருக்குள் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். நொடியின் நூற்றில் சில பங்கு நேரம். சகரத்தின் உரசல் 4,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே போய்விடும். சொல்லுக்குக் கனம் தருவது உயிர். எந்தச் சொல் என்று அடையாளம் காட்டுவது மெய். மலையாளத்து வாயில் கயிறு கயறாகிவிடும்; பயறு, கயறு இரண்டும் முதல் வெடிப்பில்தான் பிரிகின்றன. அது தேய்ந்த காதுக்கு வந்து சேர்வது "-அயறு" மட்டும். மீதியை அண்ணாச்சியின் மூளை ஊகித்து நிரப்புகிறது. கயிற்றுக்கடைக்கு வழி கேட்பவர்கள் நாளெல்லாம் வருகிற தெரு அது. ஊகம் கயிற்றுப் பக்கம் சாய்ந்துவிட்டது.

பேரன் முணுமுணுக்கிறான் என்ற புகாருக்கும் இதுவே பதில். மெய்யெழுத்து கரைந்து உயிர் மட்டும் காதில் விழுந்தால், எதிரில் இருப்பவர் வாய்க்குள்ளேயே பேசுவது போலத்தான் இருக்கும். தன் காது தேய்வதை எவரும் தன் காதில் கேட்க முடியாது. மற்றவர்கள் மாறிவிட்டதாகவே அது தெரியும்.

அண்ணாச்சிக்கு வயது மட்டும் காரணம் இல்லை. வாலிபத்தில் வடசேரிப் பக்கம் ஒரு நெல் மில்லில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இரைச்சலில் கெட்ட காதைப் பரிசோதனை வரைபடத்திலேயே அடையாளம் காணலாம்: 4,000 ஹெர்ட்ஸ் அருகில் கோடு பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறும். டெசிபல் கணக்கு நம் கூட்டல் கணக்கு மாதிரி நடப்பதில்லை. மூன்று கூடினால் ஆற்றல் இரட்டிப்பு, பத்து கூடினால் பத்து மடங்கு. அதனால்தான் அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 88 என்றால் நாலு மணி நேரம்தான் என்று பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போகிறது. நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. சாலை மாதிரியான வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55. கோயில், கட்சி, கல்யாணம் என்ற மூன்றின் குழாய் ஒலிபெருக்கிக்கும் இந்த எண்கள் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"அப்பம் ஒண்ணு சொல்லுங்க தம்பி. மருமவ மெதுவாப் பேசுனா கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மான்னா, காதுல அறையுத மாதிரி கத்துகா. நடுவுல ஒரு அளவே கிடையாதா?"

இந்த ஒரு கேள்விக்காகவே இன்னொரு சாயா சொல்லலாம். வெளிவரிசையில் நிற்கும் அந்தப் பன்னிரண்டாயிரம் செல்களுக்கு ஒரு தனி வேலை உண்டு. மெல்லிய ஒலி வந்தால் அவை தாமே நீண்டு சுருங்கி அதைப் பெருக்கிக் கொடுக்கும். உரத்த ஒலி வந்தால் கையைக் கட்டிக்கொள்ளும். அவை தேய்ந்தால் மெல்லிய ஒலிக்கு உதவ ஆள் இல்லை, அது காணாமல் போகிறது. உரத்த ஒலிக்கு அவற்றின் உதவி முன்பும் தேவைப்படவில்லை, அது பழையபடி முழு உரப்போடு வந்து விழுகிறது. கேட்காததற்கும் தாங்காததற்கும் நடுவில் இருந்த அகலமான இடம் ஒடுங்கிவிடுகிறது. மருமகள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலும் இந்த ஒடுங்கிய இடத்தைத் தாண்டிவிடுகிறது. மேலும் கத்தினால் உரக்க வருவது உயிர் மட்டும். "ப"வை எவ்வளவுதான் கத்த முடியும்? தெளிவு கூடாது, வலிதான் கூடும். அந்த வீட்டில் யார் மேலும் குற்றம் இல்லை. எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும்.

முகம் தெரிய என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹாரி மெகர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் 1976இல் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் ஒரு பெண்ணின் வாய் "க" வரிசை ஒலியைச் சொல்ல, ஒலிபெருக்கியில் "ப" வரிசை ஒலி வந்தது. பார்த்தவர்களில் மிகப் பலர் இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் "த" போன்ற ஒன்றைக் கேட்டதாகச் சொன்னார்கள். கண்ணை மூடினால் "ப" ஒழுங்காகக் கேட்டது. நாம் எல்லோருமே கொஞ்சம் உதட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம், தெரியாமலே. கொரோனா முகக்கவசக் காலத்தில் எத்தனை பெரியவர்கள் தங்களுக்குத் திடீரென்று காது மந்தமாகிவிட்டது என்று பயந்தார்கள்! மந்தம் முன்பே இருந்தது. உதடு அதை மறைத்து வந்தது.

தெருவின் இரைச்சலில் விஷயம் இன்னும் சிக்கலாகும். பத்துப் பேர் பேசும் இடத்தில் ஒருவர் குரலை மட்டும் எப்படிப் பிடிக்கிறோம் என்ற கேள்வியை 1953இல் காலின் செர்ரி ஆராயத் தொடங்கினார். இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேர்வதில் உள்ள இம்மியளவு நேர வித்தியாசம், குரலின் சுருதி, பேச்சின் போக்கு எல்லாவற்றையும் வைத்து மூளைதான் பிரிக்கிறது. ஆளுக்கு ஆள் இந்தத் திறன் மாறும். அமைதியான அறையில் செய்யும் பரிசோதனையில் முழு மதிப்பெண் வாங்கியவரே கல்யாண வீட்டில் திணறுவதுண்டு. ஷரான் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் இருவரும் 2009இல் எலிகளில் காட்டியது இதற்கு ஒரு விளக்கம். பலத்த இரைச்சலுக்குப் பிறகு எலிகளின் கேள்வி அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, மயிர்செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு சேர்க்கும் இணைப்புகளில் பாதியளவு அறுந்துபோயிருந்தன. மனிதரிலும் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சிக்கு நான் சொன்ன யோசனையை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். காது மிஷின். "கண்ணாடி போட்டா படிச்சவன்னு சொல்லுகான். காதுல மிஷின் மாட்டுனா செவிடன்னுல்லா சொல்லுவான்?" என்றார். மறுக்க முடியாத நியாயம். ஆனால் இன்றைய கருவி எல்லா ஒலியையும் ஒரே மாதிரி பெருக்குவதில்லை. பரிசோதனை வரைபடத்தைப் பார்த்து, எந்த அதிர்வெண் தேய்ந்ததோ அதை மட்டும், மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் தூக்கிக் கொடுக்கும்படி அமைப்பார்கள். அடுத்தவர் கருவியை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுக்கும் ஆவாது" என்பது வீண். மாட்டியதும் காகிதம் சரசரப்பதும் சாவி குலுங்குவதும் பூதாகரமாகக் கேட்கும். மூளைக்குச் சில வாரங்கள் பழக்கம் வேண்டும். நெதர்லாந்தில் 1998இல் சிலருடைய காது மடலுக்குள் அச்சு ஒன்றை ஒட்டி மடலின் வடிவத்தையே மாற்றினார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று சொல்ல முடியாமல் தவித்தவர்கள், சில வாரங்களில் புதுக் காதைக் கற்றுக்கொண்டார்கள். அச்சை எடுத்த பின் பழைய காதும் உடனே வேலை செய்தது. ஆளாளுக்கு மடலின் மடிப்பு வேறு. ஆக அவரவர் காதை அவரவர் மூளை தனியாகப் படித்து வைத்திருக்கிறது.

இதுவரை பேசியது காதின் தேய்மானம். தேய்மானமே இல்லாத காதுகளும் ஒன்றுபோல் கேட்பதில்லை. எனக்கு இதுதான் அதிக ருசி.

அண்ணாச்சி கடைக்குச் சரக்கு இறக்க வங்காளத்து இளைஞன் ஒருவன் வருவான். கூர்மையான காது. ஒரு நாள் சமையலுக்குப் புளி கேட்டான், "அரை கிலோ புலி" என்று. மலையாளத்திலும் தமிழிலும் அந்த விலங்கும் அந்தப் பழமும் நாக்கின் ஒரு மடிப்பில் பிரிகின்றன. பேரன் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தான். "நான் அதத்தானே சொல்றேன்" என்றான் அவன். அவன் சொன்னது உண்மை. அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. வங்காளத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு இல்லை. அவன் பதிலுக்கு இந்தியில் பழி வாங்கினான். சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண்ணன் மூன்றையும் வரிசையாகச் சொன்னான். தமிழில் எழுதினால் மூன்றும் கானாதான். அண்ணாச்சிக்குப் பாட்டு தனியாகப் பிரிந்தது. மற்ற இரண்டும் பிரியவே இல்லை. மலையாளப் பள்ளியில் படித்த பேரன், அந்த எழுத்துகளைத் தனித்தனியாக எழுதிப் பழகியவன், மூன்றையும் பிரித்தான்.

ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவின் வான்கூவரில் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு இங்கே சொல்ல ஏற்றது. பத்து, பட்டு என்ற சொற்களில் உள்ள தகரமும் டகரமும் நமக்கு இரண்டு வேறு ஒலிகள். ஆங்கிலக் காதுக்கு இரண்டும் ஒன்று. இந்தியின் இந்த வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகளுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதமானவற்றில் மிகச் சிலவே கண்டுகொண்டன. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகள் அந்த வயதிலும் தவறவிடவில்லை. காதில் ஒரு மாற்றமும் நேரவில்லை. மயிர்செல் எல்லாவற்றையும் மூளைக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வீட்டுக்கு இது வேண்டாம் என்று மூளை ஒரு வயதுக்குள்ளேயே கழித்துக் கட்டிவிடுகிறது. திருவனந்தபுரத்துக் குழந்தைகள் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைப்பேன். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். ஒன்று கழிக்கச் சொல்வதை இன்னொன்று வைத்துக்கொள்ளச் சொல்லும்.

ஒரே பதிவை இருவர் வேறுவேறாகக் கேட்பதற்கு ஊரறிந்த சாட்சி 2018 மே மாதம் உலகமெங்கும் சுற்றியது: ஒரு சொல்லகராதித் தளத்தின் உச்சரிப்புப் பதிவு, பாதிப் பேருக்கு "லாரல்", பாதிப் பேருக்கு "யானி". கீழ் அதிர்வெண்களைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு முதலாவது, மேல் அதிர்வெண்களைப் பிடித்தவர்களுக்கு இரண்டாவது. அதைவிட நுட்பமானது டயானா டாய்ச்சின் சோதனை. எந்தச் சுரம் என்று தெளிவாகவும் எந்த ஸ்தாயி என்று தெளிவில்லாமலும் கணினியில் ஒலிகளைச் செய்து, சட்ஜத்தையும் பிரதி மத்யமத்தையும் போல அரை ஸ்தாயி தள்ளி நிற்கும் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிட்டார். ஏறுகிறது என்றார்கள் சிலர், இறங்குகிறது என்றார்கள் சிலர், இரு பக்கமும் சத்தியம் செய்யாத குறை. 1991இல் வந்த முடிவு இன்னும் வேடிக்கை: கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர்களும் தென் இங்கிலாந்தில் வளர்ந்தவர்களும் எதிரெதிராகக் கேட்கும் போக்கு தெரிந்தது. சிறுவயதில் சுற்றிக் கேட்ட பேச்சின் சுருதி, பின்னாளில் சங்கீதத்தைக் கேட்கும் விதத்தைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கட்சி.

சங்கீதம் என்று வந்துவிட்டால் இந்த ஊரில் நவராத்திரி மண்டபத்தைச் சொல்லாமல் போக முடியாது. பத்மநாபசுவாமி கோயில் அருகே, முதல் நாள் சங்கராபரணத்தில் தொடங்கி ஒன்பது நாளும் நாளுக்கொரு ராகம், சுவாதித் திருநாளின் கீர்த்தனை, கைதட்டல் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்டார் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரியும், பெரும்பாலும் சண்டையாக. இங்குள்ள இசைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த செம்மங்குடி சீனிவாச ஐயரின் மூக்கொலி கலந்த குரல் சிலருக்குக் குறையாகவே காதில் நின்றது. வேறு சிலருக்கு அந்தக் குரல் காதிலேயே விழவில்லை, ராகம் மட்டும் விழுந்தது. இரு சாராரும் செவிகொடுத்துக் கேட்டவர்கள்தான். எதைக் கேட்பது என்று அவர்கள் மூளை வேறுவேறாகத் தேர்ந்தது.

தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காந்தாரத்துக்கு என்று ஒரு தந்தி கிடையாது. ஆனால் சுருதி சுத்தமாகச் சேர்ந்துவிட்டால், மந்தர சட்ஜத்தைப் போல ஐந்து மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரமாக அந்தர காந்தாரம் மிதந்து வரும். "காந்தாரம் பேசுது" என்பார் வித்வான். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு காதைத் தீட்டினாலும் அவருக்கு வெறும் ரீங்காரம். ஒரு ஒலியைக் கேட்டதும் அதன் அடித்தளச் சுருதியைப் பற்றுகிறவர்கள் உண்டு, உள்ளே இருக்கும் மேற்சுரங்களைப் பிரித்துப் பற்றுகிறவர்கள் உண்டு. ஹைடல்பெர்க்கில் 2005இல் பேட்டர் ஷ்னைடர் குழு இவர்களின் மூளையைப் படம் எடுத்தது. முதல் வகையினருக்கு மூளையின் செவிப்புலப் பகுதியில் இடப்பக்கமும், இரண்டாம் வகையினருக்கு வலப்பக்கமும் பெரிதாக இருந்தன. பழகினால் காந்தாரத்தைக் கேட்கக் கற்கலாம், அது வேறு விஷயம்.

தனியே ஒரு சுரத்தைக் கேட்டதும் பெயர் சொல்லிவிடுகிறவர்கள் மேற்கே பத்தாயிரத்தில் ஒருவர் என்பார்கள். மேதைமையின் அடையாளமாகவும் கொண்டாடுவார்கள். நம் சங்கீதத்துக்கு அது தேவையே இல்லை. ஆண் குரல் ஒரு கட்டையில் பாடினாலும் பெண் குரல் ஐந்தரைக் கட்டையில் பாடினாலும் சட்ஜம் எங்கே வைக்கப்பட்டதோ அங்கிருந்துதான் கணக்கு. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்ணானார். பெண் குரலின் உயரம் அந்த மண்டபத்துக்குப் புதிது, ராகங்கள் பழையவையே.

இனி, பிறந்தது முதலே காது கேளாதவர்கள். 1997இல் தொடங்கப்பட்ட நிஷ் என்ற தேசியப் பேச்சு செவிப்புல நிறுவனம் இந்த ஊரில், ஆக்குளத்தில் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்குக் கேட்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காதே விடை சொல்லும். முன்பு சொன்ன வெளிவரிசைச் செல்கள் நீண்டு சுருங்கும்போது அவையே மெல்லிய ஒலியை வெளியே அனுப்புகின்றன. லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் இதைப் பதிவு செய்தபோது, காதாவது ஒலி எழுப்புவதாவது என்று பலர் நம்பவில்லை. இன்று தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்து, "டிக்" என்று ஓர் ஒலி கொடுத்து, திரும்பி வரும் அந்த முணுமுணுப்பைப் பிடிக்கிறார்கள். வரவில்லை என்றால் மேல் பரிசோதனை.

நேரம் முக்கியம். கேட்காத மூளைப் பகுதி சும்மா காத்திருக்காது. பிறவியிலேயே காது கேளாத ஒருவர் சைகை மொழியைப் பார்க்கும்போது அவருடைய செவிப்புலப் பகுதியே வேலை செய்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் காட்டினார்கள். நிஷ் வளாகத்தில் இந்தியச் சைகை மொழியில் பட்டப்படிப்பு படிக்கும் இளைஞர்கள் வாதாடுவதைப் பார்த்தால் அந்த முடிவில் வியப்பு வராது. நடுவில் ஓர் ஓசையும் இல்லாமல் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசுவார்கள். அவர்களுக்கு எதுவும் குறைவதாக எனக்குத் தோன்றியதில்லை.

வேறு வழியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் உண்டு. கேரள அரசு 2012 முதல் 'ஸ்ருதிதரங்கம்' திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இதைச் செய்து வருகிறது. இது காது மிஷின் போல ஒலியைப் பெருக்குவதில்லை. செவிப்பறை, எலும்பு, மயிர்செல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சுருளுக்குள் செருகிய மெல்லிய கம்பியின் வழியே நரம்பை மின்சாரத்தால் நேராகத் தட்டுகிறது. கம்பியில் இருக்கும் மின்முனைகள் நிறுவனத்துக்கு ஏற்ப 12 முதல் 22 வரை. 3,500 செல்கள் செய்த வேலையை 22 முனைகள் செய்கின்றன. இவ்வளவு குறைவான தகவலில் பேச்சு விளங்குவதே அதிசயம். சிறுவயதில் பொருத்தி, விடாமல் பேச்சுப் பயிற்சி கொடுத்த குழந்தைகளில் பலர் சாதாரணப் பள்ளிக்குப் போகிறார்கள். சங்கீதத்தில்தான் கணக்கு மாறுகிறது. தாளம் ஏறக்குறைய நமக்குக் கேட்பது போலவே அவர்களுக்குக் கேட்கும். காலப்பிரமாணம் அவர்கள் கையில் பிசகாது. சுருதி நழுவிவிடும். அருகருகே இருக்கும் இரண்டு சுரங்கள் ஒன்றாகிவிடும், கமகம் கலங்கிவிடும். தனியாவர்த்தனத்தை நம்மோடு சேர்ந்து ரசிக்கும் பிள்ளைக்கு, அதற்கு முன் பாடிய தோடி நாம் கேட்ட தோடியாக இராது. மறு காதில் கீழ் அதிர்வெண் கொஞ்சம் மிச்சம் இருக்குமானால் அங்கே சாதாரணக் காது மிஷினையும் சேர்த்து மாட்டச் சொல்கிறார்கள். மின்முனை தரும் பேச்சோடு அந்தக் காது தரும் சுருதியும் சேர்ந்துகொள்கிறது. பாட்டு ஓரளவு பிடிபடுகிறது, கூட்டத்தில் பேச்சும் கூடுதலாக விளங்குகிறது.